திரும்பி வந்த மணியார்டர்

தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து 36 வருடம் வேலை பார்த்தவள் நான். 1986-ல் சேர்ந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். அந்த வேலையில் ஒரு பழக்கம் வந்துவிடும். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டோம், கையைத்தான் பார்ப்போம். கை நீட்டும் படிவம், கை நீட்டும் காசு, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வரிசை வாசல் வரை நிற்கும் நாளில் அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒருவர் விஷயத்தில் மட்டும், வரிசையே இல்லாத நாளிலும் நான் முகத்தைப் பார்த்ததில்லை.

2003-ல் தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊருக்கு மாற்றலாகி வந்தேன். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு திருநங்கை மணியார்டர் அனுப்ப வருவார். அப்போது எங்கள் வாயில் 'திருநங்கை' என்ற சொல்லே கிடையாது. அது பரவலானதெல்லாம் 2008-ல் தமிழக அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைத்த காலத்தை ஒட்டித்தான். ஆபீசில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். 'வைத்திருந்தார்கள்' என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். 'வைத்திருந்தோம்' என்பதுதான் நிஜம். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

500 ரூபாய் அனுப்புவார். கமிஷன் 25. பெறுபவர் ஒரு கிராமத்துப் பெண்மணி. அனுப்புபவர் என்ற இடத்தில் மட்டும் ஓர் ஆண் பெயர் இருக்கும்.

போனில் விரலைத் தட்டிப் பணம் அனுப்பும் தலைமுறைக்கு மணியார்டரைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பணத்தை இங்கே கட்டினால், அங்கே போஸ்ட்மேன் வீட்டு வாசலில் போய் நின்று, பெயரைச் சொல்லி, ரொக்கமாக எண்ணிக் கொடுப்பார். வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கைநாட்டு வைக்க வேண்டும். அந்த ஒப்புதல் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். வாங்க மறுத்தால் பணம் திரும்பி வரும், கமிஷன் வராது.

அவர் அனுப்பிய பணம் திரும்பி வந்தது. 'வாங்க மறுக்கிறார்' என்று போஸ்ட்மேன் எழுதியிருந்தார். எண்ணித் தள்ளினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனவர், அடுத்த மாதம் மறுபடியும் வந்தார். அதுவும் திரும்பியது. இப்படி ஏழு மாதம். "இந்த ஆளுக்குப் புத்தி கெட்டுப்போச்சா, மாசா மாசம் 25 ரூபாயைத் தண்டம் கட்டுது" என்று சக ஊழியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எட்டாவது மாதம் பணம் திரும்பவில்லை. சீட்டு மட்டும் வந்தது. நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. அதைக் கொடுத்தபோது அவர் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். பர்சில் வைக்கவில்லை. கைக்குட்டையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

2005-ல் ஒரு நாள். என் மகளுக்கு அப்போது பத்து வயது. ஸ்கூல் விட்டதும் ஆபீசுக்கு வந்து, பார்சல் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மணியார்டர் கட்ட வந்தவர் அவளிடம் ஒரு சாக்லேட் கொடுத்தார். அவர் படி இறங்கிய உடனே, "அதெல்லாம் திங்கக் கூடாது, குப்பையில போடு, போய் சோப்புப் போட்டுக் கை கழுவு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். என் மகளுக்குக் கேட்டது. வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

2007 தொடக்கத்தில் அந்த மணியார்டர் மறுபடி ஒருமுறை திரும்பி வந்தது. இந்தத் தடவை போஸ்ட்மேன் எழுதியிருந்தது வேறு. 'பெறுபவர் இறந்துவிட்டார்.' பெற்ற தாயின் சாவுச் செய்தியை அவருக்குச் சொன்னது அந்தச் சீட்டுதான். அதைக் கவுன்ட்டரில் தள்ளியவள் நான். ஐந்து நூறு ரூபாய்த் தாள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "அடுத்து யாரு?" என்றேன். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அவர் வந்தார். அதே 500 ரூபாய். பெறுபவர் இடத்தில் வேறு ஊர், வேறு பெயர், ஏதோ பாலிடெக்னிக் மாணவர் விடுதி. அனுப்புபவர் இடத்தில் முதல் முறையாக ஒரு பெண் பெயர். அவருடைய பெயர். நான்கு வருடம் கழித்து அன்றுதான் எனக்கு அது தெரிந்தது. பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

இப்போது என் மகள் கதைக்கு வருகிறேன். அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேண்டாம்மா, மத்ததெல்லாம் எழுது, நீ பண்ணதையும் சேர்த்து எழுது" என்றாள்.

இன்ஜினீயரிங் முடித்துச் சென்னையில் வேலை. 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கைக்குள் இருக்கிறாளே, வரன் பார்க்க இதுதான் நேரம் என்று ஜாதகத்தை எடுத்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் சமையலறைக்கு வந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அம்மா, எனக்கு ஆம்பளைங்க மேல அந்த மாதிரி எண்ணம் வந்ததே இல்லம்மா. நான் ஒரு பொண்ணைத்தான் விரும்புறேன்" என்றாள்.

நான் சொன்ன முதல் வாக்கியம் இது: "மெதுவா பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதில் தங்கி நிற்க எனக்குத் தெம்பில்லை. போனைப் பிடுங்கினோம். குலதெய்வம் கோயிலில் கயிறு கட்டினோம். பெரிய ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகள் பகலெல்லாம் தூங்கினாள். தன்பாலீர்ப்பு நோயல்ல என்று உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-ல். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-லேயே சொல்லிவிட்டது. எனக்குத் தெரியாது, சரி. அந்த டாக்டருக்கு என்ன வந்தது?

2021 பொங்கல் முடிந்த மறுநாள் காலை அவள் படுக்கை காலியாக இருந்தது. வாசலில் சாத்திய கரும்பு வாடக்கூட இல்லை. ஸ்டேஷனுக்குப் போய், காணவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தோம். 'யாரோ ஆசை வார்த்தை கூறிக் கடத்தியிருக்கலாம்' என்று என் கையால் எழுதினேன். 25 வயதுப் பெண்ணை. சென்னையில் அவளையும் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு, நாள் முழுக்க உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். சொந்த விருப்பத்தில்தான் வந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் போனில், "மேஜர் பொண்ணும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அவ செத்துட்டா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. 'சாப்பிட்டேன்மா. நல்லா இருக்கேன்.'

பதில் போடவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தது. அதே இரண்டு வரி. ஒவ்வொரு ஞாயிறும் மதியம் ரெண்டு மணிவாக்கில் போன் சிணுங்கும். பார்ப்பேன், நீலக் கோடு விழும், மூடி வைத்துவிடுவேன். மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் தினமும் சாவுச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில், 'கொஞ்சம் காய்ச்சல் இருந்துச்சு. இப்போ பரவாயில்ல' என்று வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதற்கும் பதில் போடவில்லை. பிடிவாதமா, பயமா, வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்பதா, இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 8-ம் தேதி பேப்பரில் ஒரு செய்தி. மதுரையிலிருந்து இரண்டு இளம் பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்குப் போய்விட்டார்கள். இருவர் வீட்டிலும் காணவில்லை என்று புகார். எங்கள் வீட்டுக் கதையே அச்சில் வந்ததுபோல் இருந்தது. அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முந்தின நாள் கொடுத்த உத்தரவு. சம்மதத்தோடு சேர்ந்திருக்கும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், அவர்கள் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். மருந்து கொடுத்து 'மாற்ற' முயல்வது கூடாது. இந்த இரண்டும் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தன. நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு பகுதி. தனக்கே இதில் சரியான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து அந்த நீதிபதி கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய நாற்காலியில் இருப்பவர் 'எனக்குத் தெரியவில்லை' என்கிறார். சமையலறையில் கீரை ஆய்ந்தவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் அவர் வந்தார். மணியார்டர் அனுப்பியவர்.

2018-ல் நான் அதே ஊருக்கு மாற்றலாகித் திரும்பி வந்திருந்தேன். அவர் அப்போதும் வந்துகொண்டிருந்தார். மணியார்டர் நின்று, ஆர்.டி. கணக்காகியிருந்தது. மூன்று கணக்குகள், அவர் எடுத்து வளர்க்கும் மூன்று திருநங்கைகள் பேரில். லாக்டவுனில் கடை வசூல் எல்லாம் நின்று, இரண்டு மாதத் தவணை பாக்கி. அதைக் கட்ட வந்திருந்தார். ஆபீசில் ஆளே இல்லை. கவுன்ட்டருக்குக் குறுக்கே பிளாஸ்டிக் ஷீட். அந்தப் பக்கம் அவர் மாஸ்க், இந்தப் பக்கம் நான் மாஸ்க். மூக்கும் வாயும் மறைந்த பிறகுதான் முதல் முறையாக அவர் கண்ணைப் பார்த்தேன்.

"பாப்பா எப்படி இருக்கு மேடம்? சென்னையிலதானே? அங்க ரொம்ப மோசமா இருக்குங்காங்களே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்க் நனைந்து மூச்சு முட்டியது. எல்லாவற்றையும் சொன்னேன். கூடப்பிறந்த அக்காவிடம் சொல்லாததை, பதினெட்டு வருடம் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத ஒருவரிடம் சொன்னேன்.

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "எத்தனை வாரம் மேடம்?" என்றார்.

"21."

"எங்கம்மா ஏழோட விட்டுட்டா. நீங்க 21 தடவை திருப்பி அனுப்பியிருக்கீங்க."

பேச்சு வரவில்லை எனக்கு. பிறகு, இத்தனை வருடமாகக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். திரும்பி வரும் என்று தெரிந்தும் எதற்காக அனுப்பினீர்கள்?

"வேண்டாம்னு சொல்றதுக்காவது போஸ்ட்மேன் அந்த வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லணும்ல மேடம்? மாசத்துல ஒரு நாளு அந்த வீட்டுல என் பேரு கேக்கும்ல? அதுக்குத்தான் 25 ரூவா."

அந்தக் கமிஷனைக் கொடுத்தது அவரை எடுத்து வளர்த்த அம்மாவாம். திருநங்கைகளுக்குள் அப்படி ஒரு முறை இருக்கிறது. வீட்டை விட்டு வந்த பிள்ளையை மூத்தவர் ஒருவர் மகளாக எடுத்துக்கொள்வார். அறுவை சிகிச்சை முடிந்து 40 நாள் படுத்திருக்கையில் பத்தியச் சாப்பாடு கொடுத்துப் பார்ப்பது முதல் ஈமக்காரியம் வரை, அந்த உறவுதான். "அதுலயும் அதட்டல், அடிதடி, கணக்கு வழக்கு எல்லாம் உண்டு மேடம், சினிமா மாதிரி நினைச்சுக்காதீங்க" என்றார். ஆனால், திரும்பி வந்த 500 ரூபாயை அந்த அம்மா ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிடுவாராம். 'இது செலவுக் காசு இல்ல, அனுப்புற காசு.' ஏழு மாதமும் போய்ப் போய் வந்தது அதே 500 ரூபாய்தான். புதிதாகப் போட்டது 25 மட்டும். "நான் ரெண்டாவது மாசமே விட்டிருப்பேன். அவங்கதான் விடல. எனக்கு ஏது அவ்வளவு தெம்பு?"

அந்த அம்மா சொல்லித்தான் ஒரு பாலிடெக்னிக் மாணவருக்கு மணியார்டர் போக ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பிள்ளையும் வீட்டில் துரத்தப்பட்டது.

தவணைக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன். போகும்போது, "சாக்லேட்டு விசயமெல்லாம் நான் மனசுல வச்சுக்கல மேடம்" என்றார். வைத்திருந்ததால்தானே சொன்னார்.

அன்று மதியம், தபால் கட்டு வருவதற்கு முன்னால், ஆபீஸ் பின்கட்டில் நின்று மகளுக்கு எழுதினேன். நிறைய எழுதி அழித்தேன். கடைசியில் போனது இவ்வளவுதான்: 'என்ன சாப்பிட்ட?'

மூன்று நிமிடம் கழித்துப் பதில்: 'உப்புமா. அடிப்பிடிச்சிடுச்சு.'

'ரவையை வறுத்தியா?'

'இல்லம்மா.'

ஐந்து மாதம் கழித்து நாங்கள் பேசிக்கொண்டது இதைத்தான்.

ஆகஸ்டில் சென்னை போனேன். வீட்டுக்காரரிடம் அக்கா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்தான். மூன்றாவது மாடியில் ஒற்றை பெட்ரூம் வீடு. கதவைத் திறந்தது அந்தப் பெண். "வாங்க ஆன்ட்டி" என்றவள், அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். முதல் நாள் ராத்திரி மகள் என்னோடு சண்டை போட்டாள். போட வேண்டிய சண்டைதான். போலீஸ், மாத்திரை எல்லாம் பேசி முடித்த பிறகு, "சாக்லேட்டைத் தூக்கிப் போடச் சொன்னியே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. என்னையும் ஒருநாள் நீ சோப்புப் போட்டுக் கழுவுவேன்னு."

பத்து வயதில் தனக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கே பெயர் சொல்லத் தெரியாது. ஆனால், எங்கே சொல்லக் கூடாது என்பது தெரிந்துவிட்டது.

அந்த வீட்டில் நான்கு நாள் இருந்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு பலகையில் ஆறேழு சாவிகள் தொங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். வேறு வீடுகளின் சாவிகள். இவர்கள் வீட்டுச் சாவி அந்த வீடுகளில் இருக்கிறது. பெற்றவர்களோடு பேச்சில்லாத பிள்ளைகள்தான் அவர்களில் பாதிப் பேர். காலையில் ஒருவர் போன் எடுக்கவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவர் சாவியோடு போய்ப் பார்க்க வேண்டும். மே மாதம் இவர்கள் இரண்டு பேரும் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்தது, உணவு டெலிவரி வேலை பார்க்கும் ஒரு திருநம்பி. தினம் இரண்டு வேளை ஆக்சிஜன் அளவை வாட்ஸ்அப்பில் கேட்டு நோட்டில் எழுதியது, கூட்டத்தில் ஒரு நர்ஸ். நான் தூங்காமல் புரண்ட அந்த ராத்திரியில் என் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்கிறது. அந்த நிம்மதியோடு வயிற்றெரிச்சலும் வந்தது. கஞ்சி நான் வைத்திருக்க வேண்டியது.

சாவி ஏற்பாட்டை ஆரம்பித்தது, அவர்களில் மூத்த ஓர் ஆண் ஜோடி. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. வந்து அரை மணி நேரத்தில் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள், நல்ல காபி. ஒருவர் வங்கி வேலையில் இருந்தவர். இவர்கள் இளமையில் 377-வது பிரிவு அப்படியே இருந்தது, வெள்ளைக்காரன் 1860-ல் எழுதியது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி நிலைநிறுத்திவிட்டது. "நாலு வருஷம் வெளிச்சத்துல நின்னு பழகிட்டு, ஒரே நாள்ல திரும்பக் குற்றவாளி ஆனோம்மா. அன்னைக்கு ராத்திரி யாரையும் தனியா விடக் கூடாதுன்னு முடிவு பண்ணோம். என் ஹால்ல பத்துப் பேர் படுத்திருந்தாங்க. விடிஞ்சு போகும்போது ஆளாளுக்கு ஒரு சாவி கொடுத்து அனுப்பினேன்." 2018 செப்டம்பர் 6 அன்று அந்தச் சட்டம் அவர்கள் மீதிருந்து விலகியது. சாவிகளை அவர் திருப்பிக் கேட்கவில்லையாம்.

இந்தப் பிள்ளைகளுக்கு அந்த 2013 ராத்திரி தெரியாது. அப்போது என் மகள் கல்லூரியில் முதல் வருடம். பலகை மட்டும் இவர்கள் வீடு வரை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவள் புத்தி, படிவத்தைத்தான் நினைக்கும். "சகோதரின்னு எழுதுவோம்" என்றாள் அந்தப் பெண். 2023 அக்டோபரில், இவர்கள் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அன்று நான் போன் செய்தபோது மகள் பேசவில்லை, விசும்பல் மட்டும் கேட்டது. ஹாலில் கூட்டமாக ஆட்கள் இருக்கும் சத்தமும் கேட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. பெற்றோர் பிடித்து வைத்திருந்த பெண்ணை மீட்க அவள் தோழி போட்ட ஆட்கொணர்வு மனு. குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் மட்டுமே வழியல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் உண்டு என்று நீதிபதிகள் சொன்னார்கள். மகள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, கீழே சாவிப் படம் ஒன்று போட்டிருந்தாள். நான் அந்த வழக்கில் பெண்ணைப் பிடித்து வைத்த பெற்றோரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சென்னையிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சிலரைச் சந்தித்தேன். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. ஒரு வீட்டு மொட்டை மாடி, ஏழு பேர், சுண்டல். அவரவர் செய்த தப்பைச் சொல்வதுதான் பேச்சு. ஒருவர் மகனுக்கு வேப்பிலை அடித்திருக்கிறார். இன்னொருவர் அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்து, கட்டிவந்த பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறார். நான் புகார் எழுதியதைச் சொன்னேன். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி, ஒரு வருடத்துக்குப் பிறகு, மாத்திரை இல்லாமல் தூங்கினேன். ஆமாம், அதற்குள் எனக்கும் ஒரு மாத்திரை ஆரம்பித்திருந்தது.

அங்கே என் நம்பரைக் கொடுத்து வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அதுவே ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. தென்மாவட்டங்களிலிருந்து அம்மாக்கள் கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. வக்கீலும் இல்லை. பிள்ளை தன்னையே ஏதாவது செய்துகொள்வானோ என்று பயந்தால், எந்த நேரமானாலும் டெலி மனஸ் 14416-க்குப் போன் செய்யச் சொல்கிறேன், அது அரசாங்க இலவச எண். 'மாற்றித் தருகிறேன்' என்று எந்த டாக்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடச் சொல்கிறேன். அது தொழில் ஒழுங்கு மீறல் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே மாநில கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. சொற்களும் சொல்லித் தருகிறேன். அதே 2022-ல் தமிழக அரசு, இவர்களை மரியாதையாகக் குறிப்பிட ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. திருநர், பால்புதுமையர் என்றெல்லாம் சொல்லும்போது எனக்கே நாக்கு இடறும். ஆனால், ஓர் அம்மா போனில், "அப்போ வையாம சொல்றதுக்கும் வார்த்தை இருக்கா?" என்று கேட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிகிறது என்று சொல்ல முடியாது. ஒருவர் என்னைத் திட்டிவிட்டு வைத்தார், என் மகளால்தான் ஊர்ப் பிள்ளைகள் கெடுகிறார்களாம். ஒருவர் மூன்று முறை பேசினார், நான்காவது முறை நான் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவர் மகனுக்கு என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. என் வீட்டிலேயே பாதிதான் ஆகியிருக்கிறது. மகள் வெளிநாட்டில் இருப்பதாகத்தான் என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் இன்னும் சொல்கிறார். நான் சென்னைக்குக் கிளம்பும்போது மட்டும் கேட்காமலே மாவடு வாங்கி வந்து மேஜையில் வைத்துவிடுகிறார். அவளுக்கு மாவடு பிடிக்கும். இதற்கு அர்த்தம் கேட்டால் எழுந்து போய்விடுவார், அதனால் கேட்பதில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று, ஆபீசில் மாலையும் சால்வையும் முடிந்த பிறகு அவர் வந்தார். கூடவே ஒரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும். அந்தப் பாலிடெக்னிக் மாணவர் இப்போது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், திருநம்பி, கல்யாணமாகிவிட்டது; வந்திருந்தது அவர் மனைவி, தத்தெடுத்த குழந்தையோடு. அவருக்கு லீவு கிடைக்கவில்லையாம். "பாட்டி மாதிரி பாத்துக்கோங்க மேடம்" என்று குழந்தையை என் மடியில் வைத்தார். அவரை முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "இப்பவாவது வந்துச்சே" என்று சிரித்தார். வாரம் ஒரு முறை பேசிக்கொள்கிறோம். கூப்பிடும் அம்மாக்களிடம் என்ன சொல்வதென்று தெரியாதபோது அவரிடம்தான் கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஒரு புது எண்ணிலிருந்து போன். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. பின்னால் டி.வி. சீரியல் ஓடும் சத்தம், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். நானும் பேசவில்லை, வைக்கவும் இல்லை. இதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார், 'மொதல் போன்ல கேள்வி கேக்காதீங்க மேடம், லைன்ல இருங்க போதும்' என்று. நாலைந்து நிமிடம் போயிருக்கும்.

"உங்க பொண்ணு... சமைப்பாளா?" என்று ஒரு குரல், ரகசியமாக.

"சமைப்பா. உப்புமா மட்டும் அடிப்பிடிச்சிடும்" என்றேன்.

சிரித்த மாதிரி ஒரு சின்ன சத்தம். பிறகு ரவையைப் பற்றியும், அவர்கள் ஊரில் வைக்கும் புளிக்குழம்பைப் பற்றியும் இருபது நிமிடம் பேசினோம். மகனா, மகளா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "நாளைக்குக் கூப்பிடுறேன்க்கா" என்று வைத்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் கூப்பிடவில்லை. போனைச் சார்ஜில் போட்டு, தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.